‘சே’யா, ‘டெல்’லா? ‘சொன்னான்’ என்பதை ஆங்கிலத்தில் பிழையின்றிச் சொல்ல ஒரு வழிகாட்டி

தமிழில் ‘சொல்’ என்ற ஒரே வினை போதும். யாரிடம் சொன்னாலும், சொன்னது செய்தியோ கட்டளையோ கதையோ பொய்யோ, ‘சொன்னான்’ என்று முடித்துவிடலாம். ஆங்கிலத்தில் இந்த இடத்தை ‘சே’, ‘டெல்’ என்ற இரண்டு வினைகள் பங்கு போட்டுக்கொண்டிருக்கின்றன. அகராதியைத் திறந்தால் இரண்டுக்கும் ‘சொல்’ என்றே போட்டிருக்கும். அதனால் எது முதலில் வாயில் வருகிறதோ அதை வைத்துப் பேசிவிடுகிறோம். ‘ஹி செட் மீ’, ‘ஐ டோல்ட் தட்’, ‘டெல் சாரி டு ஹெர்’ எல்லாம் அப்படி வருபவைதான். ஆங்கிலவழியில் படித்து வேலைக்குப் போனவர்களின் மின்னஞ்சலிலும் இவை தப்பாமல் இருக்கும்.

இவற்றைப் பொருளை வைத்துப் பிரிக்கப் பார்த்தால் குழப்பம்தான் மிஞ்சும். வினைக்கு அடுத்து என்ன வருகிறது என்று பார்த்தால் வேலை எளிது. ‘சே’ பேசப்பட்ட வார்த்தையோடு சேரும். ‘டெல்’ கேட்ட ஆளோடு சேரும். கீழே வருகிற படிகளில் பெரும்பாலானவை இந்த ஒன்றிலிருந்து கிளைப்பவை.

முதலில் வடிவமும் உச்சரிப்பும்

‘சே’யின் இறந்த காலம் ‘செட்’. எஸ், ஏ, ஐ, டி என்று எழுத்துக்கூட்டுவதைப் பார்த்துவிட்டு ‘சேய்ட்’ என்று நீட்டக் கூடாது, குறில்தான். ‘ஹி’, ‘ஷி’, ‘இட்’ ஆகியவற்றோடு நிகழ்காலத்தில் வருவது ‘செஸ்’. இதையும் பலர் ‘சேஸ்’ என்று நீட்டுகிறார்கள். அதுவும் குறிலே, கடைசி ஒலி மட்டும் ‘ஸ்’ஸைவிடக் கொஞ்சம் அதிர்வோடு வரும்.

‘டெல்’லின் இறந்த காலம் ‘டோல்ட்’. ‘டெல்டு’ என்று ஒரு வடிவம் கிடையாது. ‘டிட்’, ‘டிட்ன்ட்’ முன்னால் வந்துவிட்டால் வினை பழைய வடிவத்துக்குத் திரும்பிவிடும்: ‘டிட் ஹி டெல் யூ?’, ‘ஐ டிட்ன்ட் சே எனிதிங்’. ‘டிட் ஹி டோல்ட் யூ?’ என்பது இறந்த காலத்தை இரண்டு தடவை போட்டதாகிவிடும்.

முதல் படி: கேட்டவர் வாக்கியத்தில் இருக்கிறாரா?

சொல்ல நினைப்பதை முதலில் தமிழில் முழுதாக நினைத்துக்கொள்ளுங்கள். பிறகு ‘யாரிடம்?’ என்று ஒரு கேள்வி கேளுங்கள். விடை அந்த வாக்கியத்துக்குள்ளேயே இருந்தால் ‘டெல்’. இல்லாவிட்டால் ‘சே’.

‘நாளைக்கு வர்றேன்னு சொன்னான்.’ யாரிடம் என்பது இதில் இல்லை. ஆகவே ‘ஹி செட் தட் ஹி வுட் கம் டுமாரோ’.

‘நாளைக்கு வர்றேன்னு என்கிட்ட சொன்னான்.’ ‘என்கிட்ட’ வந்துவிட்டது. ஆகவே ‘ஹி டோல்ட் மீ தட் ஹி வுட் கம் டுமாரோ’.

இரண்டிலும் ‘தட்’ தமிழின் ‘என்று’ செய்கிற வேலையைச் செய்கிறது. பேச்சில் அதை விட்டுவிடலாம்; ‘ஹி செட் ஹி வுட் கம்’ என்பதும் சரியே. ‘டோல்ட்’டுக்குப் பின்னால் வருகிற ‘மீ’யை மட்டும் விட முடியாது. ‘ஹி டோல்ட் தட் ஹி வுட் கம்’ என்று கேட்டதும் ஆங்கிலம் நன்கு தெரிந்தவர் ‘யாரிடம்?’ என்று காத்திருப்பார்.

இங்கே தமிழ் பழக்கம் ஒன்று குறுக்கே வரும். நாம் கேட்டவரைச் சொல்லாமலே விட்டுவிடுகிறோம். ‘நான்தான் அப்பவே சொன்னேன்ல!’ என்று ஒருவரைப் பார்த்துச் சொல்லும்போது ‘உன்கிட்ட’ என்பதைச் சேர்க்க மாட்டோம்; அது தானாக விளங்கிவிடும். இதை அப்படியே மாற்றினால் ‘ஐ டோல்ட், நோ?’ என்று வருகிறது. ஆங்கிலத்தில் அந்த ‘உன்கிட்ட’வை மீட்டுக் கொண்டுவர வேண்டும்: ‘ஐ டோல்ட் யூ!’ அல்லது ‘ஐ டோல்ட் யூ ஸோ!’ ஆளைச் சேர்க்க விருப்பமில்லை என்றால் ‘ஐ செட் ஸோ’ என்று ‘சே’க்கு மாறிவிடுங்கள்.

அலுவலக மின்னஞ்சலில் இதே பிழைக்கு வேறு உருவம் உண்டு. ‘ஆஸ் ஐ டோல்ட் இன் தி மீட்டிங்’ என்று எழுதுகிறார்கள். ‘ஆஸ் ஐ செட் இன் தி மீட்டிங்’ என்பது சரி, ‘ஆஸ் ஐ டோல்ட் யூ இன் தி மீட்டிங்’ என்பதும் இலக்கணப்படி சரி. ஆனால் இரண்டாவதில் ‘உங்ககிட்ட ஏற்கெனவே சொல்லியாச்சே’ என்கிற சலிப்பு தொனிக்கலாம். எழுத்தில் ‘ஆஸ் ஐ செட்’ அல்லது ‘ஆஸ் ஐ மென்ஷன்ட்’ பாதுகாப்பானது. ‘ஆஸ் டோல்ட் பை யூ’ என்பதைத் தவிர்த்துவிட்டு ‘ஆஸ் யூ செட்’ என்று எழுதுங்கள்.

இரண்டாம் படி: ‘டு’வுக்கு எங்கே இடம்?

‘டெல்’லுக்கும் கேட்டவருக்கும் நடுவில் எதுவும் வரக் கூடாது. ‘டோல்ட் மீ’, ‘டோல்ட் ஹிம்’, ‘டோல்ட் மை பிரதர்’. ‘டோல்ட் டு மீ’ என்று நமக்கு வருவதற்குக் காரணம் ‘எனக்கு’, ‘என்னிடம்’ என்பவற்றில் உள்ள உருபு. அந்த உருபுக்கு இணையாக ஒரு ‘டு’வைக் கொண்டுவந்து வைத்துவிடுகிறோம்.

ஒரே ஒரு நிலையில் ‘டெல்’ வாக்கியத்தில் ஆளுக்கு முன் ‘டு’ வரும்: சொன்ன பொருள் நடுவில் வந்து உட்கார்ந்துவிட்டால். ‘ஷி டோல்ட் தி ஸ்டோரி டு தி சில்ட்ரன்’ சரி. ‘ஷி டோல்ட் தி சில்ட்ரன் தி ஸ்டோரி’ என்பதும் சரி. ‘ஷி டோல்ட் டு தி சில்ட்ரன் தி ஸ்டோரி’ மட்டும் தவறு.

‘சே’யின் கதை நேர் எதிர். அதற்குப் பின்னால் ஆள் வந்தே தீர வேண்டுமென்றால் ‘டு’ கட்டாயம்: ‘வாட் டிட் ஹி சே டு யூ?’ இதையே ‘வாட் டிட் ஹி டெல் யூ?’ என்றும் கேட்கலாம். இரண்டும் சரி, கேட்பதுதான் கொஞ்சம் வேறு. முதலாவது அவன் வாயிலிருந்து வந்த வார்த்தைகளைக் கேட்கிறது. திட்டினானா, என்ன வார்த்தை சொன்னான் என்ற கவலை அதில் இருக்கலாம். இரண்டாவது அவன் தந்த செய்தியைக் கேட்கிறது.

பள்ளியில் நேர்க்கூற்றை அயற்கூற்றாக மாற்றும் பயிற்சியில் ‘செட் டு வந்தால் டோல்ட் ஆக்கு’ என்ற விதி நினைவிருக்கும். ‘ரவி செட் டு மீனா, “ஐ ஆம் பிஸி”’ என்பது ‘ரவி டோல்ட் மீனா தட் ஹி வாஸ் பிஸி’ ஆகும். விதி நல்ல விதிதான். அதைக் காரணம் புரியாமல் மனப்பாடம் செய்தவர்களுக்கு இரண்டு இடத்தில் மதிப்பெண் போகும். மீனா இல்லாத வாக்கியத்திலும் ‘டோல்ட்’ போடுவார்கள். அல்லது ‘செட்’டை மட்டும் மாற்றிவிட்டு ‘டு’வை அடிக்க மறந்து ‘டோல்ட் டு மீனா’ என்று எழுதுவார்கள். ‘செட் டு’ என்ற இரண்டும் சேர்ந்துதான் ‘டோல்ட்’ என்ற ஒன்றாகின்றன. மேற்கோளுக்குள் இருப்பது கேள்வி என்றால் ‘ஆஸ்க்ட்’ வரும், இந்த இரண்டுமே வராது.

மூன்றாம் படி: வாயில் வந்த வார்த்தையே வாக்கியத்தில் வந்தால்

ஹலோ, தேங்க்ஸ், சாரி, பை, யெஸ், நோ போன்றவை செய்திகள் அல்ல, உச்சரிக்கப்பட்ட வார்த்தைகள். இவற்றோடு எப்போதும் ‘சே’தான். கேட்டவரைக் குறிப்பிட்டாலும் ‘டெல்’லுக்கு மாறக் கூடாது, ‘டு’ சேர்த்தால் போதும். ‘அவர்கிட்ட தேங்க்ஸ் சொன்னேன்’ என்பது ‘ஐ செட் தேங்க்ஸ் டு ஹிம்’. இதைவிட இயல்பானது ‘ஐ தேங்க்ட் ஹிம்’.

நம் ஊர் ஆங்கிலத்தில் மிக அதிகமாகக் காதில் விழுகிற பிழை இந்த வகைதான்: ‘டெல் சாரி டு ஹெர்’, ‘டெல் ஹாய் டு யுவர் மதர்’. இரண்டிலும் ‘சே’ வர வேண்டும். ‘அம்மாவைக் கேட்டதாச் சொல்லு’ என்று நாம் சொல்வதற்கு ஆங்கிலேயர் வழக்கமாகச் சொல்கிற வாக்கியம் இது: ‘டெல் யுவர் மதர் ஐ செட் ஹாய்’. இந்த ஒரு வாக்கியத்தை மட்டுமாவது வாய்க்கு வரும்வரை சொல்லிப் பழகுங்கள். ‘டெல்’ அம்மா என்ற ஆளுக்கு முன் நிற்கிறது. ‘செட்’ ஹாய் என்ற வார்த்தைக்கு முன் நிற்கிறது. இரண்டு சொல்லின் வேலையும் பக்கத்துப் பக்கத்தில் தெரிகிறது.

மேற்கோள் குறிக்குள் வரும் பேச்சுக்கும் ‘சே’யே முதல் தேர்வு: ‘“ஐ ஆம் டயர்ட்,” ஷி செட்’. செய்தித்தாளில் ‘“வி ஆர் ரெடி,” தி மினிஸ்டர் டோல்ட் ரிப்போர்ட்டர்ஸ்’ என்றும் பார்த்திருப்பீர்கள். அங்கே கேட்டவர்களான நிருபர்கள் இருப்பதால் ‘டோல்ட்’ செல்லும். நிருபர்களை எடுத்துவிட்டால் அது ‘செட்’ ஆகிவிட வேண்டும்.

நான்காம் படி: ‘வரச் சொல்’, ‘போகச் சொல்’

இங்கே தமிழே நமக்கு உதவி செய்கிறது. செய்தி சொல்லும்போது ‘அவனிடம் சொல்’ என்கிறோம். கட்டளையிடும்போது ‘அவனை வரச் சொல்’ என்று ‘ஐ’ உருபுக்கு மாறிவிடுகிறோம். ஆள் வினைக்கு நேரடிச் செயப்படுபொருளாகிறான். ஆங்கிலத்தின் ‘டெல்’லும் ஆளை அப்படியே நேராக எடுக்கும். ஆகவே தமிழில் ‘அவனை... -ச் சொல்’ என்று வந்தால் கண்ணை மூடிக்கொண்டு ‘டெல்’ போடலாம்: ‘டெல் ஹிம் டு கம்’.

அமைப்பு இது: டெல், ஆள், டு, வினையின் மூல வடிவம். எதிர்மறைக்கு ‘டு’வுக்கு முன்னால் ‘நாட்’ வரும். ‘சத்தம் போட வேண்டாம்னு பசங்ககிட்ட சொல்லு’ என்பது ‘டெல் தி பாய்ஸ் நாட் டு மேக் நாய்ஸ்’. ‘டெல் தெம் டு டோன்ட் மேக் நாய்ஸ்’ என்று வருவது, ‘டோன்ட் மேக் நாய்ஸ்’ என்ற நேர்க்கூற்றைத் துண்டாக வெட்டி ஒட்டுவதால்.

‘டு’வும் ‘தட்’டும் இடம் மாறினால் பொருளே மாறும். ‘ஐ டோல்ட் ஹிம் தட் ஐ வாஸ் லீவிங்’ என்றால் நான் கிளம்புவதைத் தெரிவித்தேன். ‘ஐ டோல்ட் ஹிம் டு லீவ்’ என்றால் அவனைக் கிளம்பச் சொன்னேன்.

மரியாதை விஷயத்தில் இங்கே கவனமாக இருக்க வேண்டும். தமிழில் ‘சார்கிட்ட லீவு கொடுக்கச் சொன்னேன்’ என்றால் யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். குரலிலும் ‘ங்க’விலும் பணிவு வந்துவிடும். ‘ஐ டோல்ட் மை மேனேஜர் டு அப்ரூவ் மை லீவ்’ என்பது மேலாளருக்கு உத்தரவு போட்டதாகவே கேட்கும். மேலதிகாரி, வாடிக்கையாளர், பெரியவர், முன்பின் தெரியாதவர் ஆகியோரிடம் ‘ஆஸ்க்’கைப் பயன்படுத்துங்கள்: ‘ஐ ஆஸ்க்ட் மை மேனேஜர் டு அப்ரூவ் மை லீவ்’. டாக்டர் நோயாளியிடம், ஆசிரியர் மாணவரிடம், அம்மா பிள்ளையிடம் என்றால் ‘டோல்ட்’ பொருந்தும்: ‘தி டாக்டர் டோல்ட் மீ டு டிரிங்க் மோர் வாட்டர்’.

இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டியது தொலைபேசி ‘சொல்லுங்க’. யாராவது கூப்பிட்டால் நாம் பணிவாகச் சொல்கிற சொல் அது. அதை ‘டெல் மீ’ என்று மாற்றி வெளிநாட்டு வாடிக்கையாளரிடம் சொன்னால், ‘உம், விஷயத்துக்கு வா’ என்கிற மாதிரி அவருக்குப் படக்கூடும். நம் நாட்டுக்குள் அது பழகிப்போன வழக்கு. யாரும் கோபிக்க மாட்டார்கள். வெளிநாட்டு அழைப்பில் ‘ஹலோ, ஹவ் கேன் ஐ ஹெல்ப் யூ?’ என்று தொடங்குங்கள். பேச்சின் நடுவில் ‘சொல்லுங்க, கேட்கிறேன்’ என்பதற்கு ‘யெஸ், கோ அஹெட்’ போதும்.

ஐந்தாம் படி: ஆள் இல்லாமலும் ‘டெல்’ வருகிற தொடர்கள்

உண்மை, பொய், கதை, ஜோக், ரகசியம், எதிர்காலம் ஆகியவற்றைச் சொல்வது எப்போதும் ‘டெல்’தான். டெல் தி ட்ரூத், டெல் எ லை, டெல் எ ஸ்டோரி, டெல் எ ஜோக், டெல் எ சீக்ரெட், டெல் தி ஃப்யூச்சர். யாரிடம் என்று சொல்லாவிட்டாலும் கவலையில்லை. ‘ஹி செட் எ லை’ தவறு; ‘ஹி டோல்ட் எ லை’ சரி. முதல் படியின் விதி இங்கே செல்லாது என்பதால் இந்தத் தொடர்களைத் தொடராகவே மனத்தில் ஏற்றிக்கொள்ள வேண்டும்.

ஏன் இப்படி என்பது தெரிந்தால் மனத்தில் நிற்பது எளிது. பழைய ஆங்கிலத்தில் ‘டெல்லன்’ என்ற வினைக்கு எண்ணுவது, வரிசையாக எடுத்துரைப்பது என்ற பொருள்கள் இருந்தன. பணத்தை எண்ணித் தருகிற வங்கி ஊழியரை ‘டெல்லர்’ என்பது அந்தப் பழைய பொருளில்தான். ஏடிஎம் என்ற சுருக்கத்தின் நடு எழுத்தும் அதே ‘டெல்லர்’. ‘அன்டோல்ட்’ என்றால் எண்ணிலடங்காத என்று பொருள் வருவதும் இதனால்தான். கதை, ஜோக், பொய் ஆகியவை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கிச் சொல்பவை என்பதால் ‘டெல்’லோடு சேர்ந்துகொண்டன என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

‘டெல் தி டைம்’ என்பதில் ஒரு பொறி இருக்கிறது. ‘கேன் யூ டெல் மீ தி டைம்?’ என்றால் மணி என்ன என்று கேட்கிறீர்கள். ‘மீ’யை விட்டுவிட்டு ‘கேன் யூ டெல் தி டைம்?’ என்றால் ‘உனக்குக் கடிகாரம் பார்க்கத் தெரியுமா?’ என்று பொருள். குழந்தையிடம் கேட்கிற கேள்வி. பெரியவரிடம் கேட்டால் விழிப்பார்.

வித்தியாசம் கண்டுபிடிப்பதற்கும் ‘டெல்’ உண்டு. இரட்டையரில் யார் யார் என்று தெரியவில்லை என்றால் ‘ஐ கான்ட் டெல் தெம் அபார்ட்’. ‘அவன் களைச்சுப் போயிருக்கான்னு பார்த்தாலே தெரியுது’ என்பது ‘யூ கேன் டெல் ஹி இஸ் டயர்ட்’. இங்கே யாரும் வாயைத் திறப்பதே இல்லை. பள்ளிப் பிள்ளைகள் ‘போட்டுக் கொடுத்திடாதே’ என்பதற்கு ‘டோன்ட் டெல் ஆன் மீ’.

‘சே’க்கும் இப்படிச் சில தொடர்கள் உண்டு: சே எ வேர்ட், சே எ பிரேயர், சே நத்திங். ‘வைத்துக்கொள்வோம்’ என்ற பொருளிலும் அது வரும். ‘50 பேர் வர்றாங்கன்னு வச்சுக்குவோம்’ என்பது ‘லெட்ஸ் சே 50 பீப்பிள் கம்’.

பலகையும் கடிகாரமும்

எழுதியிருப்பது ‘பேசும்’போது ‘சே’. போர்டு, நோட்டீஸ், கடிதம், மருந்துச் சீட்டு, விதிமுறை, கடிகாரம் எல்லாமே ‘செஸ்’. தமிழில் ‘போட்டிருக்கு’ என்று சொல்கிற இடம் இது. ‘போர்டுல என்ன போட்டிருக்கு?’ என்பதற்கு ‘வாட் இஸ் ரிட்டன் ஆன் தி போர்டு?’ என்றால் பிழையில்லை. ‘வாட் டஸ் தி போர்டு சே?’ என்பதே இயல்பு. ‘மை வாட்ச் செஸ் டென் தர்ட்டி’. ஆள் சேர்ந்துவிட்டால் இங்கும் ‘டெல்’ வரும்: ‘திஸ் கிராஃப் டெல்ஸ் அஸ் தட் சேல்ஸ் ஆர் ஃபாலிங்’.

ஆறாம் படி: ‘சொன்னார்கள்’, ‘சொல்லப்படுகிறது’, ‘-ஆம்’

யார் சொன்னார் என்பது முக்கியமில்லாதபோது ஆங்கிலம் செயப்பாட்டு வினைக்குப் போகும். கேட்டவர் எழுவாயானால் ‘டோல்ட்’ மட்டுமே: ‘ஐ வாஸ் டோல்ட் தட் தி ஆஃபீஸ் வாஸ் க்ளோஸ்ட்’. ‘ஆபீஸ் மூடியிருக்குன்னு சொன்னாங்க’ என்பதற்கு இதைவிடப் பொருத்தமான வாக்கியம் இல்லை. ‘ஐ வாஸ் செட் தட்’ என்று ஒரு வாக்கியம் ஆங்கிலத்தில் கிடையாது.

பொதுவாக ஊர் பேசுவதைச் சொல்ல ‘செட்’: ‘இட் இஸ் செட் தட்...’. தமிழில் ‘-ஆம்’ சேர்த்துச் சொல்கிறோமே, ‘அவர் பெரிய பணக்காரராம்’, அதற்கு ‘ஹி இஸ் செட் டு பி வெரி ரிச்’. பேச்சில் ‘தே சே ஹி இஸ் வெரி ரிச்’. நமக்குக் கிடைத்த ‘-ஆம்’ என்ற அந்தச் சின்ன ஒட்டு ஆங்கிலத்தில் இல்லை, அதனால் இவ்வளவு சுற்ற வேண்டியிருக்கிறது.

இந்த இரண்டு வாக்கியங்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ‘ஹி வாஸ் செட் டு பி கொயட்’: அவர் அமைதியானவர் என்று பேசிக்கொண்டார்கள். ‘ஹி வாஸ் டோல்ட் டு பி கொயட்’: அவரைச் சும்மா இருக்கச் சொன்னார்கள். ஒரு சொல் மாறியதில் பாராட்டு அதட்டலாகிவிட்டது.

ஏன், எங்கே, என்ன

‘டெல்’லும் ஆளும் வந்தபின் கேள்விச் சொல் தாராளமாக வரலாம்: ‘டெல் மீ வேர் யூ லிவ்’. கேள்விச் சொல்லுக்குப் பிறகு சாதாரண வாக்கிய வரிசைதான் வரும். ‘டெல் மீ வேர் டூ யூ லிவ்’, ‘டெல் மீ வாட் இஸ் யுவர் நேம்’ இரண்டும் தவறு. ‘டெல் மீ வாட் யுவர் நேம் இஸ்’.

‘சே’யோடு கேள்விச் சொல் பெரும்பாலும் எதிர்மறையிலும் கேள்வியிலும்தான் நன்றாக அமையும்: ‘ஹி டிட்ன்ட் சே வை’, ‘டிட் ஷி சே வென்?’. ‘ஹி செட் வை ஹி வாஸ் லேட்’ என்பது இடறும். ‘ஹி டோல்ட் மீ வை ஹி வாஸ் லேட்’ என்று ஆளைச் சேர்த்துவிடுங்கள். நேர்காணலில் வருகிற ‘டெல் அஸ் அபவுட் யுவர்செல்ஃப்’ தெரிந்ததே. ‘அபவுட்’ வந்தாலும் ‘டெல்’லுக்கு ஆள் வேண்டும்.

தமிழில் ‘சொல்’ இருந்தும் இரண்டும் வேண்டாத இடங்கள்

பதில் சொல், யோசனை சொல், உதாரணம் சொல், ஆறுதல் சொல், குறை சொல், விளக்கிச் சொல். இவற்றிலுள்ள ‘சொல்’லை மொழிபெயர்க்கப் போகாதீர்கள். ‘டெல் தி ஆன்சர்’, ‘டெல் அன் எக்சாம்பிள்’ என்று வகுப்பறைகளில் ஒலிப்பது அப்படி வந்ததே. உதாரணத்துக்கு ‘கிவ் அன் எக்சாம்பிள்’. பதிலுக்கு ‘ஆன்சர் தி கொஸ்டின்’. விடை என்னவென்று கேட்டால் ‘டெல் மீ தி ஆன்சர்’ சரி, அங்கே ஆள் இருக்கிறார். ஆறுதலுக்கு ‘கம்ஃபர்ட்’, குறைக்கு ‘கம்ப்ளெயின்’, யோசனைக்கு ‘சஜெஸ்ட்’.

விளக்கிச் சொல்வது ‘எக்ஸ்பிளெயின்’. இதை ‘டெல்’லின் உறவு என்று நினைத்து ‘எக்ஸ்பிளெயின் மீ’ என்று பலர் சொல்கிறார்கள். அமைப்பில் அது ‘சே’யின் உறவு. ஆளுக்கு முன் ‘டு’ வேண்டும்: ‘எக்ஸ்பிளெயின் இட் டு மீ’. ‘சஜெஸ்ட் மீ எ குட் ஃபோன்’ என்பதிலும் அதே கோளாறு. ‘சஜெஸ்ட் எ குட் ஃபோன்’ என்று ஆளை விட்டுவிடுவதே அழகு.

எழுதி முடித்தபின் சரிபார்க்கும் முறை

மின்னஞ்சலையோ கட்டுரையையோ அனுப்பும் முன் ‘சே’, ‘செட்’, ‘டெல்’, ‘டோல்ட்’ வருகிற இடங்களில் மட்டும் நின்று, அடுத்த சொல்லைப் பாருங்கள்.

‘செட்’டுக்கு அடுத்து மீ, ஹிம், ஹெர், அஸ், தெம் அல்லது ஓர் ஆளின் பெயர் வந்தால் பிழை. ‘டோல்ட்’ ஆக்குங்கள். ஹலோ, தேங்க்ஸ் மாதிரி வார்த்தை பின்னால் வந்தால் ‘செட்’டை விட்டுவிட்டு ஆளை ‘டு’வோடு கடைசிக்குத் தள்ளுங்கள். ‘ரவி’ போன்ற பெயர் எழுவாயாக வரும் ‘ஷி செட் ரவி வாஸ் ஹியர்’ மாதிரி வாக்கியம் இதில் சேராது. அங்கே நடுவில் ஒரு ‘தட்’ மறைந்திருக்கிறது.

‘டோல்ட்’டுக்கு அடுத்து ‘தட்’ வந்தால் கேட்டவரைச் சேருங்கள், அல்லது ‘செட்’ ஆக்குங்கள். ‘டு’வும் ஆளும் வந்தால் ‘டு’வை அடியுங்கள். முற்றுப்புள்ளி வந்தால் பெரும்பாலும் ‘யூ’வோ ‘மீ’யோ விடுபட்டிருக்கும்; ‘டைம் வில் டெல்’ போன்ற நிலைத்த தொடர்கள் விலக்கு.

பயிற்சி

கீழே உள்ளவற்றை விடையைப் பார்க்காமல் முதலில் நீங்களே சொல்லிப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் ‘யாரிடம்?’ என்று கேட்டுவிட்டு வாயைத் திறக்கவும்.

1. மழை வரும்னு டிவியில சொன்னாங்க.
2. பாட்டி எங்களுக்கு ஒரு கதை சொன்னாங்க.
3. டிரைவரை மெதுவாப் போகச் சொல்லுங்க.
4. அவ ஒரு பை கூடச் சொல்லல.
5. கூட்டம் ரத்துன்னு என்கிட்ட யாரும் சொல்லல.
6. இந்த மாத்திரை அட்டையில என்ன போட்டிருக்கு?
7. அந்தக் கிணத்துல தண்ணியே இல்லையாம்.
8. ஏன் வரலைன்னு அவன் சொல்லவே இல்லை.

விடைகள்

1. ‘தே செட் ஆன் டிவி தட் இட் வுட் ரெயின்.’ டிவி சொன்ன இடம், கேட்டவர் இல்லை.
2. ‘மை கிராண்ட்மதர் டோல்ட் அஸ் எ ஸ்டோரி.’ கதையும் இருக்கிறது, ஆளும் இருக்கிறார்.
3. ‘டெல் தி டிரைவர் டு ஸ்லோ டவுன்.’ பணிவு வேண்டுமென்றால் ‘ஆஸ்க் தி டிரைவர்’.
4. ‘ஷி டிட்ன்ட் ஈவன் சே பை.’
5. ‘நோபடி டோல்ட் மீ தட் தி மீட்டிங் வாஸ் கேன்சல்ட்.’ அல்லது ‘ஐ வாஸ்ன்ட் டோல்ட்...’ என்று தொடங்கலாம்.
6. ‘வாட் டஸ் இட் சே ஆன் திஸ் ஸ்ட்ரிப்?’
7. ‘தே சே தேர் இஸ் நோ வாட்டர் இன் தட் வெல்.’
8. ‘ஹி டிட்ன்ட் சே வை ஹி டிட்ன்ட் கம்.’ உங்களிடமே அவன் சொல்லியிருக்க வேண்டும் என்ற வருத்தம் இருந்தால் ‘ஹி டிட்ன்ட் டெல் மீ வை ஹி டிட்ன்ட் கம்’. இரண்டும் சரி, தமிழ் வாக்கியத்தில் ‘என்கிட்ட’ மறைந்திருக்கிறதா என்பது உங்களுக்குத்தான் தெரியும்.